கம்பளி நூலில் ஒரு வார்

போர் முடிந்த மறுவருஷம். ரஷ்யப் புல்வெளியில் ஒரு குதிரைப் பண்ணை. அதற்குத் தலைவி மார்ஃபா. சவாரி சொல்லிக் கொடுப்பதும் அவள்தான். இடுப்பில் எப்போதும் கைக்குழந்தை இருக்கும். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் கோந்திரத் அவளைவிட மூத்தவர், போருக்குப் போய்த் திரும்பியவர்.

பண்ணையில் ஒரே வம்சத்துக் குதிரைகள்தான். கறுப்பு நிறம், பெரிய கண், சாந்த குணம். பெரிய மனுஷர்கள் இரண்டு பேர் தனித்தனியாக வளர்த்த இரண்டு வகையைப் பிறகு ஒன்றாகக் கலந்ததில் உண்டான சவாரிக் குதிரை அது. போரிலே பாதி செத்தது. மீதி ஏர் இழுக்கவும் வண்டி இழுக்கவும் போய்ச் சிதறிவிட்டது. அதைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தாள் மார்ஃபா.

கோந்திரத்தும் தன் ஊரிலிருந்து நோச்கா என்ற பெண் குதிரையைக் கூட்டி வந்திருந்தார். பஞ்சத்தில் அது ஏர் இழுத்ததால்தான் அவர் பிள்ளைகள் பிழைத்தார்கள். பண்ணையில் சேர்க்காவிட்டால் காட்டில் மரம் வெட்டும் கூப்புக்குப் போய்விடும். கட்டை இழுத்தால் இந்தக் குளிரைத் தாண்டாது. கூப்பு ஆட்கள் கயிற்றோடு வாசலில் காத்திருந்தார்கள்.

"வாத்தியாரம்மா, கறுப்பா எத்தனையோ குதிரை இருக்கு. இது அந்த வம்சம்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கோந்திரத்.

மார்ஃபா நோச்காவின் கடிவாளத்திலிருந்து கையில் பிடிக்கும் தோல் வாரைக் கழற்றினாள். குழந்தைக்குச் சட்டை பின்ன வைத்திருந்த கம்பளி நூலைப் பல்லால் கடித்து எடுத்து, வார் இருந்த இடத்தில் கட்டினாள்.

"அந்த வம்சத்துக்கு இந்த நூலே போதும். ஏறுங்கண்ணே. ஓட விட்டு, வேலிகிட்ட நிறுத்துங்க."

"இதை வெச்சா? இதுல ஆட்டுக்குட்டிகூட நிக்காதேம்மா."

"குதிரைப்படையில இருந்தேன்னு தினம் சொல்றீங்க இல்ல?"

கூப்பு ஆள் ஒருவன் சிரித்தான். "ஏர் இழுத்த வாய்க்குச் சங்கிலி போட்டாலும் நிக்காது. சீக்கிரம் முடிங்க!"

கோந்திரத் ஏறினார். நோச்கா ஓடியது. நூல் தொய்ந்தே கிடந்தது. வேலி நெருங்கிக்கொண்டே வந்தது. நின்றால் உயிர் தங்கும், நிற்காவிட்டால் கூப்பு. அந்த நினைப்பிலேயே பிடித்து இழுத்துவிட்டார்.

நூல் பட்டென்று அறுந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வேலியில் மோதப்போகிறோம் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நோச்கா வேலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. காது இரண்டையும் அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

இறங்கி வந்தார். தலை நிமிரவில்லை. அறுந்த நூல் கையில் இருந்தது.

"அறுந்துபோச்சு வாத்தியாரம்மா."

"பார்த்தேன்."

"நான்தான் இழுத்துட்டேன். அது மேல தப்பு இல்லை. இன்னொரு நூல் குடுங்க. கூப்புக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

கூப்பு ஆட்கள் எழுந்து வந்தார்கள். மார்ஃபா அவர்களைக் கை காட்டி நிறுத்தினாள். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நூல் அறுந்த பிறகு அதை யாருண்ணே நிறுத்தினது?"