காளீஸ்வரி வாங்கிய பேட்

இராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூல்மில். அதன் மேனேஜர் ஜெகநாத ராஜா டேபிள் டென்னிஸ் ஆடியதைவிட, தன் பன்னிரண்டாயிரம் ரூபாய் வெளிநாட்டு பேட்டைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

அந்த மில்லில் வேலை பார்த்த காளீஸ்வரி, பேனாவைப் பிடிப்பதுபோல் பேட்டைப் பிடித்து ஆடுவாள். மில் அணியில் இடமும், அந்தப் பிடிக்கு ஏற்ற ஒரு பேட்டும் வேண்டும் என்று அவரிடம் கேட்டாள்.

"ஆயிரம் ரூபாய் தர்றேன். அதுக்குள்ள என் பேட்டை ஜெயிக்கிற பேட்டா வாங்கிட்டு வா. இல்லேன்னா டீம்ல இடம் கிடையாது" என்றார் அவர்.

காளீஸ்வரி கடையில் ஏழெட்டு பேட்டைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்று மணிக்கட்டை இழுத்தது, இன்னொன்று ஆள்காட்டி விரலை அறுத்தது. கடைசியில் குட்டைக் கைப்பிடியோடு, எடை குறைந்த ஒன்று விரல்களுக்குள் அடங்கியது. விலை எண்ணூற்றைம்பது.

மறுநாள் மில் கிளப்பில் எல்லோரும் கூடியிருந்தார்கள். "இதுவா என் பேட்டை ஜெயிக்கும்?" என்று சிரித்தார் மேனேஜர்.

காளீஸ்வரி அவருடைய பேட்டையும் வாங்கி, மேஜையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டையும் வைத்தாள். நடுவில் வலையோரம் பந்தை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"என்னம்மா பண்றே?"

"பேட்டும் பேட்டும்தானே சார் மோதணும்? ஆடட்டும்னு காத்திருக்கேன்."

"கை இல்லாம பேட் எப்படி ஆடும்?"

"அதைத்தான் சார் நானும் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்."

கிளப்பே சிரித்தது. பிறகு இருவரும் ஆடினார்கள். பதினொன்றுக்கு நான்கு என்று காளீஸ்வரி ஜெயித்தாள். மேனேஜர் அவள் பெயரை அணிப் பட்டியலில் எழுதினார். எழுதி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கடை எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார்.