மாதம்மா தூக்கிட்டுப் போன கல்லு

ஒரு மலையடியில ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு மாதம்மா. மலைமேல பெரிய பெரிய உருண்டைக் கல்லா வட்டம் கட்டி வச்சிருக்கும். எல்லாம் அந்தக் காலத்துச் சமாதி. மாதம்மா என்ன பண்ணா, அதுல ஒண்ணை உருட்டியாந்து துணி துவைக்கப் போட்டுக்கிட்டா. ம் சொல்லு.

அப்புறம் ஒருநாள் தொல்லியல் ஆபீசர் வந்தாரு. எண்ணினாரு. பழைய நோட்டுல இருபத்திரண்டு கல்லு, இங்க பதினெட்டுதான்!

மலையை உடைச்சு ஜல்லி ஆக்க வந்திருந்த கிரஷர்காரன் இளிச்சான். "இது சமாதியே இல்லீங்க. ஆடு மேய்க்கிறவன் அடுக்கினது. மலையை எனக்கு விடுங்க."

"நாளைக்குக் காலையில மறுபடி எண்ணுவேன். சரியா இருந்தா மலைக்கு வேலி போட எழுதிடறேன், இல்லேன்னா மலை இவருக்குத்தான்"னாரு ஆபீசர்.

மாதம்மா துவைக்கற கல்லுகிட்ட ஓடினா. மலையே போயிடுமே! வெளிய சொல்லவும் வெக்கம். புருசன் திம்மராயன் தலையில கல்லைத் தூக்கி வச்சா. கழுத்து 'கடக்'னுச்சு.

"ஐயோ, எறக்குடி!"

அப்புறம் கழுதைமேல ஏத்தினா. கழுதை 'தொப்'புனு உக்காந்துக்கிச்சு.

அப்புறம் சாக்குல சுத்தித் தானே உருட்டினா. மேல போறப்போ கை நழுவுச்சு. கடகட கடகட கடகட... டமார்! முனிராஜ் டீக்கடை பெஞ்சு ரெண்டாப் போச்சு.

"என்ன மாதம்மா இது?"

"பூசணிக்காண்ணா."

"பூசணிக்காய்க்கு பெஞ்சு உடையுமா?"

மாதம்மா 'ஓ'ன்னு அழுதுட்டா. "நான்தாண்ணா எடுத்தேன். செத்தவங்க வீட்டுல திருடிட்டேன்!"

அப்போ முனிராஜ் குனிஞ்சாரு. உடைஞ்ச பெஞ்சுக்கு அடியில முட்டுக்கொடுத்திருந்த கல்லை உருவினாரு. "இதுவும் அங்கிருந்து வந்ததுதான்"னாரு. அப்புறம் ஒருத்தர் வாசப்படிக் கல்லைப் பேர்த்தாரு, இன்னொருத்தர் மாட்டுத் தொட்டிகிட்ட இருந்ததைப் பேர்த்தாரு. ஊரே சேர்ந்து, ஏலேலோ ஏலேலோன்னு மேல ஏத்துச்சு.

காலையில ஆபீசர் எண்ணினாரு. இருபத்திமூணு!

"ஒண்ணு கூடுதலா வருதே? அட, இதுல குழி இருக்கு, குழியில மாவு இருக்கு!"

பின்னாடியிருந்து ஊர்க்காரி சென்னம்மா, "எல்லாரும் தூக்கிட்டுப் போனாங்க சார், நானும் என் ஆட்டுக்கல்லைத் தூக்கியாந்துட்டேன்"னா.

அதைக் கழிச்சா சரியா இருபத்திரண்டு! ஆபீசர் சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. வேலி வந்துச்சு. கிரஷர்காரன் லாரியைத் திருப்பிக்கிட்டுப் போனான்.

அந்தக் கல்லுக்கு அடியில இருக்கிறவரு மூவாயிரம் வருசமா அசையாமத் தூங்கறாரு. நீ காலை ஆட்டாம விடியற வரைக்குமாச்சும் தூங்கு, கண்ணு. கதை அவ்வளவுதான்.