அடி கனமான பால் போசி

“எவர்சில்வர்ல எது நல்ல எவர்சில்வருங்கம்மா?”

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மயிலாத்தா கேட்டுவிட்டாள்.

அந்த மடத்துக்கு மோட்சம் கேட்டு வருவார்கள். மனநிம்மதி கேட்டு வருவார்கள். பாத்திரம் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தது மயிலாத்தா ஒருத்திதான்.

மடத்துத் துறவி குருவம்மா சிரிக்கவில்லை.

“உக்காருங்கக்கா” என்றார்.

குருவம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். மயிலாத்தா நாற்பதை நெருங்குகிறவள். பெரியவள் சின்னவரை அம்மா என்பாள். சின்னவர் பெரியவளை அக்கா என்பார். வருடக்கணக்காக அப்படித்தான் ஓடுகிறது, யாருக்கும் அதில் குழப்பமில்லை.

“உக்கார நேரமில்லீங்க. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சறோம்! தனிக்குடித்தனமுங்க! கிழக்கு வீதியில வாடகை வீடு. சின்னதுதான். ஆனா சமையக்கட்டு என்னுதுங்க!”

“ரொம்ப சந்தோசம்.”

“கல்யாணம் ஆனதுலருந்து மாமியார் சமையக்கட்டு, மாமியார் போசி. எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் செல்லாத்தாள், செல்லாத்தாள்னு அவங்க பேரு வெட்டியிருக்கும். கரண்டிக் காம்புல கூட. என்ற சீர்ப் பாத்திரமெல்லாம் நாத்தனார் கல்யாணத்தோட கை மாறிப்போச்சு.”

“அது வருத்தமா?”

“அதை விடுங்க. பால் போசிதானுங்க வருத்தம். காயிதமாட்ட மெல்லிசு. கண்ணை அந்தப் பக்கம் திருப்பினா அடிப்பிடிச்சுரும். எம்புள்ள யாழினி டம்ளரை மோந்து பாத்துட்டு அப்படியே வச்சுடறா. பாலே குடிக்கறதில்லை. குச்சியாட்ட இருக்கறா.”

மயிலாத்தாவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

“அவளுக்கு அடிப்பிடிக்காத பால் ஒரு டம்ளர் குடுக்கோணும். அவ்வளவுதானுங்க என்ற ஆசை.”

“கடைக்குப் போனீங்களா?”

“கடைவீதி பூரா சுத்திட்டனுங்க!” சுருக்குப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து நீட்டினாள். “இது ஒட்டலைன்னா நல்ல எவர்சில்வர்னு சொன்னாங்க. வச்சுப் பாத்தா எதுலயும் ஒட்ட மாட்டேங்குது. அப்ப எல்லாமே நல்லதா? கடைக்காரரும் எல்லாமே நல்லதுங்கறாரு. மண்டை காயுதுங்கம்மா.”

குருவம்மா எழுந்து மடத்துச் சமையலறைக்குப் போனார்.

இரண்டு விறகடுப்பு. இரண்டு எவர்சில்வர் போசி. இரண்டிலும் ஒரே மாட்டுப் பால்.

“காந்தத்தை வச்சுப் பாருங்க.”

மயிலாத்தா வைத்தாள். இதிலும் ஒட்டவில்லை, அதிலும் ஒட்டவில்லை.

“எது நல்லது?”

“தெரியலீங்களே.”

“பின்னாடி கொய்யா பழுத்திருக்கு. நாலு பறிச்சுட்டு வாங்க.”

மயிலாத்தா பறித்துக்கொண்டு திரும்பினாள். நிலைப்படியைத் தாண்டவில்லை, மூக்கு சொல்லிவிட்டது.

“மாமியார் போசி வாசம்!”

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு போசியில் பால் அடியில் பழுப்பாகப் பிடித்துக் கிடந்தது. மற்றதில் வெள்ளை வெளேரென்று ஆடை கட்டியிருந்தது.

“காந்தம் ஒட்டலை” என்றார் குருவம்மா. “பால் ஒட்டிருச்சு.”

மயிலாத்தா துணியைப் பிடித்துக்கொண்டு நல்ல போசியைத் தூக்கினாள். மணிக்கட்டு சாய்ந்தது. கருகிய போசியைத் தூக்கினாள். அது ஒன்றுமே இல்லாததுபோல் வந்தது.

மறுபடி அதைத் தூக்கினாள். மறுபடி இதை.

“அடிங்கம்மா!” என்று கத்தினாள். “அடி கனமா இருக்கோணும்!”

கொய்யாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அன்று அந்தக் கடைவீதி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

ஒரு போசி விடாமல் குப்புறக் கவிழ்த்தாள். கட்டை விரலால் பக்கவாட்டில் அமுக்கினாள். அமுங்கியதெல்லாம் வேண்டாம். விளிம்பில் விரலை ஓட்டினாள். கையைக் கிழிக்கிறதெல்லாம் வேண்டாம். பிடியை ஆட்டினாள். ஆடியதெல்லாம் வேண்டாம். அடியில் நல்ல எவர்சில்வருக்கான 304 முத்திரை குத்தியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இல்லாததை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“அக்கா, பால் காய்ச்சறதுக்கா, மேல பஸ்ஸை ஏத்தறதுக்கா?” என்று ஒரு கடைக்காரர் கேட்டே விட்டார்.

“எம்புள்ளை பால் குடிக்கறதுக்கு” என்றாள் மயிலாத்தா. அவர் மேல் தட்டில் இருந்ததையும் இறக்கிக் காட்டினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மடத்துக்கு வந்தாள். கையில் செய்தித்தாள் சுற்றி, சணல் போட்டுக் கட்டிய பொட்டலம். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“கிடைச்சிருச்சுங்கம்மா!”

“பிரிங்க, பிரிங்க!”

குருவம்மாவுக்கும் அந்த உற்சாகம் தொற்றிவிட்டது. சணலை அவரே பல்லால் கடித்து இழுத்தார். துறவிக்கு இவ்வளவு ஆவல் ஆகுமா என்று கேட்பவர்கள் நல்ல பாத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

போசி வெளியே வந்தது.

“மூணு அடுக்கு அடிங்கம்மா! நடுவுல வேற தகடு வச்சு அமுக்கியிருக்காங்க. சூடு ஒரே இடத்துல நிக்காம அடி பூரா பரவுமாம்!”

குருவம்மா தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

“அக்கா, அருமை! நானே போயிருந்தாலும் இத்தனை நல்லதா எடுத்திருக்க மாட்டேன்.”

மயிலாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசத்தில் வருகிற கண்ணீர்தான்.

“நாளைக்கு இதுல பால் பொங்கறதை நானும் வந்து பாக்கோணும்” என்றார் குருவம்மா.

“ஐயோ, இதுலயா!”

“பின்ன எதுல?”

“மாமியாருகிட்ட அந்தப் பழைய போசியைக் கேட்டு வாங்கிட்டனுங்க. அது போதும்.”

“அடிப்பிடிக்குமே.”

“பக்கத்துலயே நின்னு கிண்டிக்கறனுங்க.”

குருவம்மா கையிலிருந்த போசியைப் பார்த்தார்.

“அப்ப இது?”

“அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க.”

திருப்பினார். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. ம. யாழினி.

“கடையிலயே என்ன பேரு வெட்டறதுன்னு கேட்டாங்க. வாயில தானா வந்துருச்சுங்க. இத்தனை நல்ல போசி, இதுல போயி தினம் பால் காய்ச்ச முடியுங்களா? அவ கல்யாணத்துக்குச் சீரா வைக்கலாம். இதே காயிதத்துல சுத்தி அட்டாலிப் பரண் மேல ஏத்திட்டன்னா ஒரு கீறல் விழாது.”

“எப்பக் கல்யாணம்?”

“இப்பத்தானுங்க நாலாவது படிக்கறா.”

குருவம்மா போசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மயிலாத்தா கழுவத்தான் போகிறார் என்று நினைத்தாள். கழுவத்தான் செய்தார். பிறகு அதில் பாலை ஊற்றினார். பிறகு அதை விறகடுப்பில் ஏற்றினார்.

“அம்மா! அம்மா! புதுசுங்க! அடி கருத்துப்போயிருமுங்க!”

குருவம்மா இரண்டு விறகை உள்ளே தள்ளினார்.

“இறக்குங்கம்மா! சீருங்க அது!”

குருவம்மா கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். இறக்குகிற ஆளாக அவர் தெரியவில்லை.

தீ நாக்கு போசியின் பக்கவாட்டில் ஏறியது. பால் ஓரத்தில் முத்து முத்தாகக் கொதித்தது. நடுவில் எழுந்தது. விளிம்புக்கு வந்து ஒரு கணம் நின்றது.

பொங்கியது.

வெள்ளையாக, தாராளமாக, ம. யாழினி மேல் வழிந்து அடுப்பில் விழுந்து சீறியது.

மயிலாத்தா முந்தானையைச் சுருட்டிப் பிடித்துப் போசியை இறக்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு பொங்குகிற பாலை அவள் தன் கையால் இறக்கியது அதுதான் முதல் தடவை. புகுந்த வீட்டில் அது மாமியாரின் வேலை.

குனிந்து மோந்து பார்த்தாள். கரண்டியை விட்டு அடியில் துழாவினாள். ஒரு பொட்டு பிடிக்கவில்லை.

“அம்மா, பாருங்க! கிண்டவே இல்லை! பிடிக்கவே இல்லைங்கம்மா!”

தன்னை மறந்து சிரித்தாள். பிறகு போசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

அடியெல்லாம் கரி. பெயர் மேல் பால் காய்ந்து கோடாக ஓடியிருந்தது.

“பழசாயிருச்சே. இனி இதை எம்புள்ளைக்கு எப்படிங்கம்மா குடுப்பேன்?”

குருவம்மா அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

“இதுல ஊத்திக் குடுங்க. சூடு ஆறறதுக்குள்ள.”