தலைவருக்கு முதல் கரண்டி

அந்தக் கோடையில் ஆறு வற்றி, ஊருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டே மடுதான் மிச்சம். புதுவெள்ளம் வரும்வரை அங்கே தூண்டில் போடலாம், வலை வீசக்கூடாது என்பது ஊர்க்கட்டு. தப்பிப் பிழைத்த மீன்தானே மறுபடி ஆற்றை நிரப்பணும்!

ஒரு காலையில் பார்த்தால், கீழ்மடு முழுக்கச் செத்த மீன் மிதக்கிறது.

"மருந்து கலந்துட்டாங்க! விடியக்காலையில தலைவர் வண்டிதான் மீன் ஏத்திட்டுப் போச்சு" என்று கத்தினாள், தூண்டில் போட்டுப் பிழைக்கும் ஆராயி.

ஊராட்சித் தலைவர் வையாபுரிக்கு மீசை துடித்தது. "வெயில்ல தண்ணி சூடாகிச் செத்த மீனுடி அது! மருந்துன்னு மத்தியானத்துக்குள்ள நிரூபி. இல்லேன்னா ஆத்துப் பக்கமே நீ தலைவைக்கக் கூடாது."

ஊர் இருப்புக்கொள்ளாமல் அலைந்தது. ஆராயியோ அடுப்பை மூட்டினாள்.

உச்சிவெயிலில் சாவடி முன்னால், கொதிக்கக் கொதிக்க மீன்குழம்பை இறக்கினாள். "வெயில்ல செத்ததுன்னு தலைவரே சொல்லிட்டார். வீணாக்குவானேன்? ஊர் வழக்கப்படி முதல் கரண்டி அவருக்குத்தான்."

எதிரே போட்ட இலையை வையாபுரி தள்ளிவைத்தார். "இன்னிக்கு எனக்கு விரதம்."

"அப்ப உங்க மூத்த மகன் சாப்பிடட்டும்."

மகன் ஆசையாகத் துண்டத்தை எடுத்தான். வையாபுரி பாய்ந்து இலையைத் தட்டிவிட்டார். "தொடாதேடா! மருந்து கலந்த மீனுடா அது!"

சாவடியே அவர் பக்கம் திரும்பியது.

ஆராயி சட்டியிலிருந்து ஒரு துண்டத்தை எடுத்து, முள் நீக்கி, நிதானமாகத் தின்றாள். "இது மேல்மடுவுல தூண்டில்ல உயிரோட மாட்டின கெண்டை, தலைவரே. அங்கேயும் இதே வெயில்தான் அடிக்குது."