மாடியிலிருந்து பார்த்த வெள்ளம்

பண்ணையார் ஞானாபரணம் வீட்டில் அன்று போதகருக்கு விருந்து. சமையல்காரி பாக்கியத்தாய் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பேச்சு பைபிளில் நோவா பேழையில் ஏறித் தப்பித்த வெள்ளத்துக்குப் போய்விட்டது.

"ஜலப்பிரளயம் உலகம் பூராவும்தான் வந்தது" என்றார் போதகர்.

"இல்லவே இல்லை, நோவா இருந்த சீமையில மட்டும்தான்" என்றார் பண்ணையார். விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத மனுஷர். "ஏ பாக்கியம், நீ சொல்லு. நீ சொல்றதை நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா கேட்டதைத் தாரேன். இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

பாக்கியம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"போன மழையில எங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சே ஐயா, பிள்ளையையும் கோழியையும் கட்டில்ல ஏத்திக்கிட்டு, உலகமே முங்கிட்டுதுன்னு அழுதேன். நீங்க மாடியில நின்னு, கீழத்தெருவுல மட்டும்தான்னு சொன்னீக. ரெண்டும் நெசந்தானே? அதுமாதிரிதான், பேழைக்குள்ள இருந்தவுகளுக்கு உலகம் பூராவும், தூரத்துல நின்னு பாக்கிறவுகளுக்கு அந்தச் சீமை மட்டும்."

போதகர் சிரித்துத் தலையாட்டினார். வேறு வழியில்லாமல் பண்ணையாரும் ஆட்டினார். "சரி, என்ன வேணும்?"

"அந்த வெள்ளம் ஆண்டவர் அனுப்புனது. எங்க வெள்ளம் உங்க புது மதில் ஓடையை அடைச்சதால வந்தது. மதில்ல தண்ணி போக ஒரு வழி விடுங்க, போதும். ரசம் ஊத்தட்டுமா?"

மறுநாளே கொத்தனார் வந்தார். பிரளயம் எவ்வளவு தூரம் வந்தது என்று பண்ணையார் அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.