சனிக்கிழமைக்காரர் வைத்த கை

ஆவுடையப்பன் ஐம்பத்தொரு வயதில் குனியக் கற்றுக்கொண்டான்.

நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். மில்லை மூடிவிட்டார்கள். கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செருப்புக்கடையில் வேலை கேட்டான். ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் முதலாளி. பார்ப்பது என்றால் குனிவதைத்தான்.

கற்றுக்கொடுத்தவள் வடிவு. அவனைவிடப் பதினேழு வயது சின்னவள். அந்தக் கடையில் பதினாலு வருஷம் ஓட்டியவள். புது ஆள் யார் வந்தாலும் அவளிடம்தான் விடுவார்கள். அதனால் வாத்தியார் என்று பேர். ஆவுடையப்பன் முதல் நாள் அதைக் கேலியாகச் சொன்னான். மூன்றாம் நாள் கேலி போய்விட்டது.

"அண்ணாச்சி, மூஞ்சியைப் பாக்காதீங்க. காலைப் பாருங்க."

"மூஞ்சியைப் பாத்தா என்ன வாத்தியாரே?"

"பேச்சு வளரும்."

அவ்வளவுதான் பாடம்.

பேச்சு எப்படி வளரும் என்பது சனிக்கிழமை தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் ஒருவர் வருவார். முதலாளிக்குப் பழக்கம். கடையில் அவரைச் சனிக்கிழமைக்காரர் என்பார்கள். எந்தச் சாமியைச் சொல்கிறவர் என்று கேட்க வேண்டாம். எல்லாப் பக்கத்திலும் இப்படி ஆள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பேச்சை மட்டும் கேட்டால் எல்லாம் ஒரே அச்சு.

அவர் தலை வாசலில் தெரிந்ததும் கடையில் ஒருவனுக்குக் குடோனில் சரக்குப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னொருவனுக்கு வயிறு சரியில்லை. வடிவு ஏணியில் நின்றுகொண்டிருந்தாள். மாட்டியவன் ஆவுடையப்பன்.

அவர் உட்கார்ந்தார். காலை நீட்டினார். அவன் குனிந்து பிடித்தான்.

"பேரென்ன?"

"ஆவுடையப்பன், சார்."

"யாரைக் கும்பிடுதே?"

"எட்டாம் நம்பர் சரியா இருக்கா சார்? ஒம்பது எடுக்கவா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எங்க குலசாமியை, சார்."

"அது தூங்குது."

சொல்லிவிட்டு அவன் தலையில் கையை வைத்தார். கனத்த கை. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த குடும்பம் வேடிக்கை பார்த்தது. முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். ஆவுடையப்பனின் இரண்டு கையிலும் அவருடைய கால் இருந்தது. விட்டால் இடிக்கும். விடவில்லை.

கண்ணைத் திறந்தார்.

"உன் வீட்ல ஒரு பொம்பள இருக்கா. 'கோ'ன்னு ஆரம்பிக்கிற பேரு. கால்ல புண்ணு. ஆற மாட்டேங்குது."

கையிலிருந்த கால் நழுவிப் பலகையில் இடித்தது. ஆவுடையப்பன் கவனிக்கவில்லை.

"யாரு சார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்குக் காட்டுனது. மாத்திரை, கட்டு எல்லாத்தையும் நிறுத்து. இவன் இன்னும் மாத்திரையைத்தான் நம்புதான்னு அங்க கோவம். வியாழக்கிழமை எங்க இடத்துக்குக் கூட்டிட்டு வா. நடந்து வீட்டுக்கு வருவா."

செருப்பு வாங்காமல் எழுந்து போனார்.

வீட்டில் இருந்தவள் கோமதி. சர்க்கரை. இடது பாதத்தில் மூன்று மாதமாகப் புண். தினமும் மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு. தவறினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்காது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

கடையில் அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. வடிவைத் தவிர. மத்தியானம் மருந்து வாங்கப் போக அவளிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்று, சாமி சொல்லியிருக்க வேண்டும். இல்லை, வடிவு சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று அவனுக்குப் புரியவில்லை. சாயங்காலம் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போகும்போது பில் போடும் இடத்தில் நின்று அவளிடம் இரண்டு வார்த்தை பேசினாரே, என்ன அது? அவள் தலையை வேறு ஆட்டினாளே? பதினாலு வருஷம் ஒரே கடையில் ஒருத்தி சும்மாவா இருப்பாள்?

மறுநாள் காலையில் மாத்திரை அட்டையை எடுத்தான். கையில் வைத்திருந்தான். திரும்ப அலமாரியில் வைத்தான்.

"மாத்திரை?" என்றாள் கோமதி.

"சாயங்காலம் பாப்போம்."

"காலையிலதானே குடுப்பீங்க?"

"பாப்போம்னு சொன்னேன்ல."

கடைக்கு வந்தான். கூட்டம் இல்லை. வடிவு பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்டாட்டி சேதியை அந்த ஆளுகிட்ட நீதான் சொன்னியா?"

அதுவரை நீங்கதான். அன்றைக்கு நீ ஆகிவிட்டது. வடிவு அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

"இல்ல."

"பில் போடுற இடத்துல என்ன பேசுன?"

"பஸ் போயிருச்சான்னு கேட்டாரு. தெரியலன்னேன்."

"அதை நான் நம்பணும்?"

"வேண்டாம். உக்காருங்க."

கஸ்டமர் நாற்காலியைக் காட்டினாள். வேலைக்காரர் யாரும் அதில் உட்காரக் கூடாது. ஆவுடையப்பன் முதலாளி இருக்கிறாரா என்று பார்த்தான். இல்லை. உட்கார்ந்தான்.

வடிவு அவன் முன்னால் முழங்காலிட்டாள். அவன் காலைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். குனிந்தாள்.

"ஏ, என்ன இது? எந்திரி தாயி."

"என்ன தெரியுது, சொல்லுங்க."

"உன் உச்சி தெரியுது."

"கீழ."

கடைக்கோட்டின் மேல்பை வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"பேனா. பஸ் பாஸ். என்னமோ ரசீது."

"வாசிங்க."

"மழலையர் பள்ளி. கவின். யு.கே.ஜி."

"எனக்குப் பையன் இருக்கது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்ப யாரு காட்டுனா?"

அவன் கை தானாகத் தன் மேல்பைக்குப் போனது. ஆஸ்பத்திரிச் சீட்டு இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோமதி. பெண். நாற்பத்தாறு. அதன் மேல் ஊதா மையில் கால் புண் பிரிவு என்று முத்திரை.

"அப்போ அந்தாளு புளுகுதான்."

"அது எனக்குத் தெரியாது. பாத்திருப்பாரு. பாத்ததையே மறந்திருப்பாரு." வடிவு எழுந்து முழங்காலைத் தட்டினாள். "காலையில மாத்திரை குடுத்தீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"போய்ட்டு வாங்க. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அன்று மத்தியானம் ஆவுடையப்பன் சாப்பிடவில்லை. கோமதி மாத்திரை சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை அவன் மேல்பையை ஊக்குப் போட்டு மூடினான். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நல்லாருப்பேய்யா என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். ஊக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். பிறந்தநாள் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சாக்லேட் கொடுத்தாள். உறையைப் பிரித்து உள்பக்கம் ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று தேடினான். எந்த ஊர் அண்ணாச்சி என்று கேட்டவரை, எதுக்குக் கேக்குதீங்க என்றான். வருகிற காலெல்லாம் எதையோ மறைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

"வாத்தியாரே, உங்க சிஷ்யருக்கு வேப்பிலை அடிக்கணும்," என்றான் குடோன்காரன்.

வடிவு சிரிக்கவில்லை.

புதன்கிழமை ஒரு அம்மா வந்தார். கனத்த உடம்பு. இடுப்பு சரியில்லை, சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, நின்றே போட்டுப் பார்க்கிறேன் என்றார். ஆவுடையப்பன் குனிந்து செருப்பை வைத்தான். அந்த அம்மா ஒரு காலைத் தூக்கினார்.

தரையில் ஒரு கை நிழல் தெரிந்தது. அவன் தலைக்கு நேராக இறங்கியது.

ஆவுடையப்பன் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அந்த அம்மா பெட்டி அடுக்கின் மேல் விழுந்தார். அடுக்கு சரிந்தது. முருங்கைக்காய் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நல்லவேளை, அட்டைப்பெட்டிகள் தாங்கின. வடிவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.

"பிடிச்சுக்கிடலாம்னுதானேய்யா கையை நீட்டுனேன்!" அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "உன்னைய என்ன கடிக்கவா வந்தேன்?"

முதலாளி வந்தார். விழுந்தவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு இவன் பக்கம் திரும்பினார்.

"மில்லுல இப்படித்தான் பாத்தியாக்கும்? இன்னும் ஒரு ஆளு உன்னைப் பத்திக் குறை சொல்லட்டும். கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிரு."

கோமதியின் மருந்து அந்தக் கோட்டை நம்பித்தான் இருந்தது.

பெட்டிகளை அடுக்க மத்தியானமாகிவிட்டது. வடிவு எடுத்துக் கொடுத்தாள். அவன் வைத்தான்.

"வாத்தியாரே."

"ம்."

"மேலயிருந்து கை வருது. பிடிக்க வருதா, அமுக்க வருதா? குனிஞ்சு கிடக்கவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"பதினாலு வருஷம் கழிச்சுமா? பிறகு என்னதான் செய்ய?"

வடிவு கையிலிருந்த பெட்டியைத் திருப்பி நம்பர் பார்த்தாள்.

"அந்தம்மா விழலைன்னா, கையை எப்ப எடுத்திருப்பாங்க?"

ஆவுடையப்பன் யோசித்தான்.

"செருப்பு கால்ல ஏறினதும்."

"இது ஏழாம் நம்பர். மேல்தட்டு," என்று பெட்டியை நீட்டினாள்.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமைக்காரரும் வந்தார். குடோனுக்குப் போகிறவன் போனான். வயிறு சரியில்லாதவன் போனான். ஆவுடையப்பன் மேல்பையின் ஊக்கைக் கழற்றினான். உள்ளே ஒன்றும் இல்லை. போய் முழங்காலிட்டான்.

"வியாழக்கிழமை ஏன் வரல?"

"போன வாரம் பாத்த எட்டாம் நம்பர் எடுத்து வச்சிருக்கேன் சார்."

"உன் பொண்டாட்டி காலுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாவம் உன் தலையிலதான்."

"வலது காலைக் குடுங்க சார்."

கொடுத்தார். கையும் வந்தது. தலையில் உட்கார்ந்தது. ஆவுடையப்பன் நகரவில்லை. காலைச் செருப்புக்குள் விட்டான். வாரை இழுத்தான். கொக்கியை மாட்டினான். கை அங்கேயே இருந்தது. முணுமுணுப்பு ஆரம்பித்தது. இடது காலை எடுத்தான். விட்டான். இழுத்தான். மாட்டினான். குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டு இடம் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

கை விலகவில்லை.

ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தான். பிறகு எழுந்தான். கோபமாக இல்லை. முழங்கால் சடக்கென்றது. கை தலையிலிருந்து தோளுக்கு நழுவியது, தோளிலிருந்து காற்றுக்கு வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. சனிக்கிழமைக்காரர் முதல் தடவையாக அண்ணாந்து பார்த்தார்.

"ரெண்டு எட்டு நடந்து பாருங்க, சார்."

அவர் நடந்தார். நேரே முதலாளியிடம் நடந்தார்.

"நான் பேசிட்டிருக்கும்போதே உங்க ஆளு எந்திரிச்சு நிக்கான்! கடவுளுக்கும் மரியாதை கிடையாது, கஸ்டமருக்கும் கிடையாது. இப்படி ஆளை எல்லாம் எங்க பிடிக்கீங்க?"

கடை முழுக்கத் திரும்பியது. முதலாளியால் இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்க முடியவில்லை.

"ஆவுடையப்பா."

ஆவுடையப்பன் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினான். இரண்டாவதுக்குப் போனான்.

முதலாளி வடிவைப் பார்த்தார்.

"நீதானே இவருக்குச் சொல்லிக்குடுத்தே? என்ன நடந்தது?"

வடிவு யார் முகத்தையும் பார்க்கவில்லை. சனிக்கிழமைக்காரரின் காலைப் பார்த்தாள்.

"செருப்பு மாட்டியாச்சு, முதலாளி. அதான் எந்திரிச்சாரு."

முதலாளி மேஜைக்கு மேலாக எட்டிக் குனிந்தார். இரண்டு காலிலும் கொக்கி சரியாக விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"பில் போடட்டுமா சார்?" என்றார்.

ஆவுடையப்பன் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.