வளையம் மாட்டிய போன்

"இன்னும் எத்தனை நாள் உங்க பின்னாடியே பையைத் தூக்கிட்டு அலையணும், மேடம்?" என்று கல்யாண மண்டப வாசலில் வைத்துக் கேட்டார் திரவியம்.

ஐம்பது வயதில், ஜெராக்ஸ் கடையை மூடிவிட்டுக் கல்யாணப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர். குரு பிரம்மசக்திக்கு முப்பத்திரண்டு. தென்காசிப் பக்கம் கல்யாணத்துக்குப் படம் என்றால் அவளைத்தான் முதலில் கேட்பார்கள்.

"பையில என்ன அண்ணாச்சி, புதுசா?"

மனுஷன் இதற்காகவே காத்திருந்தார்.

போனை எடுத்தார். அதன் முதுகில் ஒரு வளையம். பெரிய கேமராவின் நீள லென்ஸை அதில் திருகி மாட்டினார். கையடக்கப் போன் பீரங்கி மாதிரி ஆகிவிட்டது.

"லென்ஸை மாத்திக்கிடலாம். எடுத்த கையோட படத்தைத் துபாய்ல இருக்க சொந்தக்காரங்களுக்கும் அனுப்பிரலாம். இனி எனக்கு என்ன குறை? நாளைக்குச் சுரண்டைக் கல்யாணத்துக்கு நான் தனியாப் போயிருதேன்."

பிரம்மசக்தி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மையிலேயே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"நல்லாத்தான் இருக்கு. இன்னைக்குத் தாலி கட்டுதத இதுலயே எடுங்க. ஒழுங்கா வந்துட்டா, நாளைக்கு நீங்கதான்."

திரவியத்துக்குத் தலைகால் புரியவில்லை. மணவறைக்கு எதிரே நல்ல இடமாகப் பிடித்தார். மாப்பிள்ளையின் விரல்கள், மஞ்சள் கயிறு, பெண்ணின் குனிந்த கழுத்து, எல்லாம் திரையில் துல்லியமாகத் தெரிந்தன.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றார் ஐயர்.

போன் அடித்தது.

திரையில் இருந்த மாப்பிள்ளையைக் காணவில்லை. அந்த இடத்தில் 'மேடம்' என்று வந்து நின்றது.

குரு கூப்பிட்டு எடுக்காமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. லென்ஸோடு சேர்த்துக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க, மேடம்."

"தாலி கட்டியாச்சா, அண்ணாச்சி?"

திரவியம் நிமிர்ந்தார். அட்சதை விழுந்துகொண்டிருந்தது. அவர் தலையிலும் நாலு அரிசி விழுந்தது.

மணவறையின் அந்தப் பக்கம் பார்த்தார்.

பிரம்மசக்தி முழங்காலிட்டிருந்தாள். போன் அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவே இருந்தது. இரண்டு கையும் கண்ணும் கேமராவில் இருந்தன.

ஷட்டர் சத்தம் அவருக்குப் போன் வழியாகவும் கேட்டது.



"நாளைக்கு எந்தப் பையைத் தூக்கணும், மேடம்?" என்று போனிலேயே கேட்டார்.